கொழும்பு என்றொரு கறி: மார்த்தினிக் தீவில் ஒரு பகல்

மேற்கிந்தியத் தீவுகள் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மவர் உள்ளத்தில் எழுவது கிரிக்கெட் ஆட்டமாகும். சோபர்ஸ், றிச்சட்ஸ், லாறா என்னும் பெயர்களைப் புவியியற் பாடத்தில் தேறாத மாணவனும் அறிவான். ஆயினும் அத்தீவு வரிசையின் நடுவே, கிரிக்கெட்டைப் பொருட்படுத்தாது, பிரெஞ்சு மொழி பேசி, யூரோ நாணயம் புழங்கும் தீவொன்று உண்டு. அதுவே மார்த்தினிக். வடக்கே டொமினிக்காவும் தெற்கே சென் லூசியாவும் அதற்கு அயல். பரப்பு ஏறத்தாழ 1,100 சதுர கிலோமீற்றர். நமது யாழ்ப்பாண மாவட்டத்திலும் சற்றே பெரிது. குடிசனம் சுமார் மூன்றரை இலட்சம். 1635ஆம் ஆண்டிற் பிரெஞ்சுக்காரர் குடியேறிய இத்தீவு, ஆங்கிலேயர் கைப்பட்டிருந்த சில காலம் நீங்கலாக, அவர்கள் வசமே இருந்து, 1946இல் பிரான்சின் ஒரு மாவட்டமாகவே ஆக்கப்பட்டது.

கனடாவிலே நீண்டகாலமாக வாழ்ந்துவரும் எனக்கும் என் துணைவியாருக்கும் மணவாழ்வின் நாற்பதாம் ஆண்டு நிறைந்தபோது, பிள்ளைகள் ஒன்றுகூடி எங்களை ஏழு நாட் கப்பற் பயணமொன்றிற்கு அனுப்பி வைத்தனர். அப்பயணத்தில் மார்த்தினிக்கில் இறங்கிய ஒரு பகலையும் அன்றிரவையும் பற்றியே இங்கு கூற விழைகின்றேன்.

மிதக்கும் நகரம்

புவேர்ட்டோ றிக்கோவின் சான் உவான் துறையில் நாங்கள் ஏறிய கப்பல், கப்பல் என்பதிலும் நகரம் என்றே சொல்லத்தக்கது. மூவாயிரம் பிரயாணிகள், அவர்களுக்கு ஊழியஞ் செய்ய ஆயிரத்துக்கு மேற்பட்டோர். நாடக மண்டபம், நீச்சற் குளங்கள், கடைத்தெரு, நூலகம் எல்லாம் உள. இரவில் அது கடலைக் கடக்கும். காலையில் ஏதேனும் ஒரு தீவின் வாயிலிற் போய் நிற்கும். பிரயாணிகள் இறங்கி, பார்த்து, உண்டு, பண்டங்கள் வாங்கி, மாலையில் திரும்பிவிட வேண்டும். ஒரு நாட்டைக் காண்பதற்கு எட்டு மணி நேரம்! எட்டு மணி நேரத்தில் ஒரு வீட்டையே சரியாகப் பார்த்துவிட முடியாது. ஆகவே எல்லாவற்றையும் பார்க்க முயலாது, ஒரே வழியிற் சென்று வருவதென்று நாங்கள் முன்னரே தீர்மானித்திருந்தோம்.

நான்காம் நாட் காலை ஏழு மணிக்கு போர்-த-பிரான்ஸ் விரிகுடாவுக்குள் கப்பல் நுழைந்தது. ஒரு புறம் சென் லூயி என்னும் பழைய கோட்டை, எதிரே நகரம், அதன் பின்னே பச்சை மலைகள், மலைகளின் மேலே முகில். கப்பல் நகரின் நடுவிலுள்ள மேடையிலேயே அணைந்தமையால், இறங்கிய பத்து நிமிடத்தில் வாடகை மோட்டார் வண்டியொன்றைப் பேசி அமர்த்திக்கொண்டோம். சாரதி நடுத்தர வயதினர். ஆங்கிலம் சற்றுத் தெரிந்தவர். நாங்கள் எந்நாட்டவர் என்று கேட்டார். இலங்கையில் பிறந்தோம் என்றேன். அவர் யோசித்தார். "தலைநகர் கொழும்பு" என்று விளக்கினேன். உடனே அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்து, எங்கள் பக்கம் திரும்பி, "கொழும்பா? அது எங்கள் கறியல்லவா!" என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொல்கிறார் என்றே எண்ணினோம். "மதியம் பாருங்கள்" என்று சொல்லி வண்டியை வடக்கே செலுத்தினார்.

நெருப்பு விழுங்கிய பட்டினம்

கரையோரமாக முப்பது கிலோமீற்றர் சென்றால் சென் பியேர் பட்டினம் வரும். இன்று அது அமைதியான சிற்றூர். கடற்கரை மணல் கறுப்பு. தலைக்கு மேலே 1,397 மீற்றர் உயரமான பெலே எரிமலை நிற்கிறது. 1902ஆம் ஆண்டுவரை இத்தீவின் தலையாய பட்டினம் இதுவே. நாடகசாலையும் பெரிய தேவாலயமும் சாராய வடிசாலைகளும் நிறைந்த இதனை, கரிபியக் கடலின் பாரிஸ் என்று புகழ்ந்தனர்.

அவ்வாண்டு ஏப்பிரில் இறுதியிலிருந்து மலை புகையும் சாம்பலும் கக்கிற்று. மே 11ஆந் தேதி தேர்தலொன்று நடைபெறவிருந்தது. மக்களை வெளியேற்ற அதிகாரிகள் உத்தரவிடவில்லை. சுற்றுக் கிராமத்தவர்களோ அஞ்சி, பாதுகாப்பென்று கருதிப் பட்டினத்துக்குள்ளேயே வந்து குவிந்தனர். மே 8ஆந் தேதி காலை எட்டு மணியளவில் மலையின் பக்கத்திலிருந்து கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த மேகமொன்று புறப்பட்டுச் சரிவில் உருண்டு வந்தது. சில நிமிடங்களுள் பட்டினம் இல்லையாயிற்று. மாண்டோர் தொகை சுமார் 28,000. துறையில் நின்ற கப்பல்களும் எரிந்தமிழ்ந்தன. றொடாம் என்னும் கப்பல் ஒன்று மட்டும், எரிந்த உடலோடு நங்கூரத்தை அறுத்துத் தப்பி, சென் லூசியாவை அடைந்தது. பின்னர் இங்கு வந்து ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் லக்ருவா இத்தகைய வெடிப்புக்கு ‘எரிமேகம்’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். எரிமலை விஞ்ஞானத்தில் அது ஒரு புதிய அதிகாரத்தைத் திறந்தது.

நாடகசாலையின் படிக்கட்டுகள் இன்றும் உள. படியேறினால் மேலே மண்டபம் இல்லை, வானமே உண்டு. அதன் அருகே கீழே, தடித்த கற்சுவர் கொண்ட சிறு அறையொன்று இருக்கிறது. அது சிறைக்கூடம். அதற்குள் அடைபட்டிருந்த சிப்பாரிஸ் என்னும் கைதி தீக்காயங்களோடு உயிர் பிழைத்தான். சில நாட்களின் பின்னரே அவனை மீட்டனர். பட்டினத்திலிருந்து உயிர் தப்பிய மிகச் சிலருள் அவனும் ஒருவன். பின்னாளில் அமெரிக்க சர்க்கஸ் கம்பனியொன்று அவனை ஊரூராகக் கொண்டு சென்று காட்சிப் பொருளாக்கியது. பட்டினத்தின் நினைவுக் காட்சிச்சாலையிலே, வெப்பத்தில் உருக்குலைந்த தேவாலய மணியொன்று வைக்கப்பட்டுள்ளது. அதன் முன்னே என் துணைவியார் நெடுநேரம் நின்றார்.

இதே சென் பியேர் துறையிலேதான், எரிமலை வெடிப்பதற்கு அரை நூற்றாண்டு முன்னர், 1853 மே 6ஆந் தேதி, ஒரேலி என்னும் பாய்க்கப்பல் வந்து நங்கூரமிட்டது. அதிலிருந்து இறங்கியோர் முந்நூறுக்கு மேற்பட்ட இந்தியர். 1848ஆம் ஆண்டில் பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்ற மக்கள் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்ப விரும்பவில்லை. தோட்டத்துரைமார் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் திரட்டினர். ஐந்தாண்டு ஒப்பந்தம், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏறத்தாழ மூன்று மாதக் கடற்பயணம். 1853 முதல் முப்பது ஆண்டுகளில் இவ்விதம் மார்த்தினிக் வந்தவர்கள் சுமார் 25,000 பேர். அவர்களுட் பெரும்பாலோர் தமிழர். நமது மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு மன்னார் வழியாக மக்கள் நடந்து வந்த அதே காலம் அது.

மதுரைவீரன் காவல் நிற்கும் தோட்டம்

சென் பியேரிலிருந்து மலையேறி, மோர்ண் றூஜ் என்னும் ஊரைக் கடந்து, எரிமலையின் கிழக்குப் புறமாக இறங்கினால் அத்திலாந்திக் கரையிலே பாஸ் புவாந்த் என்னும் கிராமத்தை அடையலாம். பிரெஞ்சு மொழியின் பெருங்கவிஞரும், அரை நூற்றாண்டுக்கு மேல் போர்-த-பிரான்ஸ் நகரபிதாவாக விளங்கியவருமான எமே செசேர் 1913இற் பிறந்தது இங்கேதான். வழியெங்கும் வாழைத் தோட்டங்கள். ஒவ்வொரு குலைக்கும் நீலநிறப் பிளாஸ்ரிக் உறை போட்டிருந்தார்கள். இந்திய வம்சாவளியினர் செறிந்து வாழும் பகுதி இது.

பழைய தோட்டமொன்றின் ஓரத்திலே சாரதி வண்டியை நிறுத்தினார். அங்கே நம்மூர் வைரவர் கோயிலளவான சிறு கட்டடம் ஒன்று. மஞ்சளும் சிவப்பும் பூசியிருந்தார்கள். முற்றத்தில் நீண்ட கொடிக்கம்பம். திறப்பை வைத்திருந்த மூதாட்டி அயல் வீட்டிலிருந்து வந்து கதவைத் திறந்தார். அவருக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். உருவம் நம்மவர் உருவமே. பேச்சோ கிரியோல் மொழி. சாரதி இடையில் நின்று மொழிபெயர்த்தார்.

உள்ளே குதிரைமேல் வாளேந்திய வீரனின் சிலை. "மால்தெவிதான்" என்று கைகூப்பினார் மூதாட்டி. நம் மதுரைவீரனே அவர்! அருகில் அம்மன், "மரியெமின்" என்றார். மாரியம்மன் என்று சொல்லவும் வேண்டுமோ? வெளியே நின்ற கொடிக்கம்பம் யாருடையது என்று வினவினேன். "நகூர்மிரா" என்ற விடை வந்தது. கடலிற் செல்வோரைக் காக்கும் நாகூர் ஆண்டகையை, இந்துக்களான அக்கூலி மக்கள் கப்பலிலே வேண்டிக்கொண்டு வந்து, கரையேறிய பின்னும் மறவாது கொடியேற்றி வருகின்றனர். விழா நாட்களில் தப்பு முழங்கும்; ஆட்டுக்கடா பலியிடப்படும்; பூசாரி வெட்டுக்கத்தியின் கூர்மேல் ஏறி நின்று குறி சொல்வார். இவ்வழிபாட்டை அயலவர் ‘கூலிகளின் தெய்வம்’ என்று பொருள்பட அழைத்தனர். கூலி என்னும் நம் சொல் இத்தீவிலே நெடுங்காலம் வசைச் சொல்லாக இருந்தது. பலர் கிறித்தவத்தைத் தழுவினர்; ஞாயிறு தோறும் தேவாலயம், வேண்டுதல் வந்தால் மால்தெவிதான் என்று இரண்டையும் பேணியவர்களும் உளர்.

மூதாட்டி கண்களை மூடி, தம் தகப்பனாரிடம் கேட்டுப் பழகிய பாட்டொன்றை முணுமுணுத்தார். நான் செவிகளைக் கூர்மையாக்கிக் கேட்டேன். நெடுநாட் புழங்கித் தேய்ந்துபோன நாணயங்கள்போல் இருந்தன அச்சொற்கள். முத்திரை தெரியவில்லை, உலோகம் மட்டும் நமது. "தாயே" என்பது தெளிவாகக் கேட்டது. "வா" என்பதும் கேட்டது. "மதுரை" என்பதும் ஒருமுறை வந்தது. மற்றவை எனக்குப் பிடிபடவில்லை. பாடி முடிந்ததும் அவர் என் துணைவியாரின் கையைப் பற்றி ஏதோ கேட்டார்.

"இந்தப் பாட்டுக்கு என்ன பொருள் என்று கேட்கிறார். சிறுவயது முதல் யாரிடமாவது கேட்க ஆசையாம்" என்றார் சாரதி.

என் துணைவியார் சற்றுத் தடுமாறினார். பின்பு "தாயே" என்று மெல்லச் சொல்லி, கதவடியில் நின்ற மூதாட்டியின் மகளைச் சுட்டி, மூதாட்டியின் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். மூதாட்டி சிறிது நேரம் விழித்தார். பிறகு முகம் மலர்ந்து, "மன்மன்!" என்றார். கிரியோல் மொழியில் அதுவே அம்மா என்னும் சொல். மகளை அழைத்து, "தாயே, மன்மன், தாயே, மன்மன்" என்று இருமுறை சொல்லிக் காட்டினார். அதற்குமேல் அங்கு எதுவும் பேச எங்களால் இயலவில்லை.

சந்தையிற் கொழும்பு

திரும்பும் வழி தீவின் நடுவிலுள்ள மழைக்காட்டினூடாகச் செல்கிறது. மரங்களை மூடிய கொடிகளும் ஆளுயரப் பன்னங்களும் இருபுறமும் நெருங்கி நிற்க, எங்கள் சிங்கராஜ வனத்தை எண்ணிக்கொண்டேன். பெலே மலையும் வடபகுதிக் காடுகளும் 2023இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன.

நகரிலே பார்க்கவேண்டியவை பல. பாரிசில் உருவாக்கப்பட்டு, பகுதி பகுதியாகக் கப்பலேற்றிக் கொணர்ந்து பொருத்தி, 1893இல் திறக்கப்பட்ட ஷோல்ஷேர் நூலகம் வர்ணக் கண்ணாடியும் இரும்புமாகக் காட்சி தருகிறது. சவான் பூங்காவில் நெப்போலியனின் மனைவி யோசபீனின் சிலை நின்றது. அவள் இத்தீவிற் பிறந்தவள். 1802இல் நெப்போலியன் அடிமை முறையை நிலைநிறுத்தியதற்கு அவளும் காரணமென்று மக்கள் கருதினர். 1991இல் யாரோ அச்சிலையின் தலையைத் துண்டித்தனர். 2020இல் சிலை முழுதும் வீழ்த்தப்பட்டது.

பசி மிகுந்துவிட்டமையால் நேரே பெரிய சந்தைக்குச் சென்றோம். வாசனைத் திரவியக் கடைகளில் பெண்கள் கட்டமிட்ட துணியைத் தலையிற் கட்டி அமர்ந்திருந்தனர். அத்துணிக்குப் பெயர் ‘மெட்ராஸ்’! சென்னைப் பட்டினத்திலிருந்து முற்காலத்திற் கப்பலேறி வந்த துணி, இன்று இத்தீவினரின் தேசிய உடையாகிவிட்டது. தலைக்கட்டின் முனைகளுக்கும் பொருள் உண்டாம். ஒரு முனை நீட்டினால் உள்ளம் யாருக்கும் உரியதன்று. இரண்டு என்றால் நிச்சயமாயிற்று. மூன்று என்றால் மணமானவள். நான்கு என்றாலும் முயல்வோருக்கு இடமுண்டு என்று சொல்லிக் கடைக்காரி சிரித்தாள்.

அதன் பின்பே சாரதி சொன்ன கறி வந்தது. தட்டில் வெள்ளைச் சோறு. மஞ்சள் நிறக் குழம்பிலே ஆட்டிறைச்சி. பெயர்ப் பலகையில் பிரெஞ்சு எழுத்திலே ‘கொலம்போ’ என்றிருந்தது. மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம், மிளகு ஆகியவற்றைத் திரித்த தூளே அதன் உயிர். இத்தூளுக்கும் கொலம்போ என்றுதான் பெயர். திருவிழா, கலியாணம் எதிலும் இக்கறி இன்றியமையாதது. நமது தலைநகரின் பெயரே இது என்று சிலர் கூறுவர். குழம்பு என்னும் சொல்லின் திரிபு என்பர் வேறு சிலர். வந்தவர்கள் காரைக்காற் பக்கத்தவர். அவர்கள் பேச்சில் குழம்பு ‘கொழம்பு’ ஆகும் என்பதை எண்ணுமிடத்து, இரண்டாவதே பொருத்தமெனத் தோன்றுகிறது.

என் துணைவியார் முதற் கவளத்தை வாயிலிட்டு, கண்ணை மூடினார். "இஞ்சேருங்கோ, இது எங்கடை பத்தியக் கறியெல்லோ! மிளகாய் போடாத சரக்குத்தூள். பிள்ளைப் பெத்தவளுக்குக் கொடுக்கிற கறி" என்றார். உண்மைதான். காரம் அதிகமில்லை, மணமோ எங்கள் வீட்டு அடுக்களையின் மணமே. எழும்பும்போது தூளில் நான்கு பொதிகள் வாங்கிக்கொண்டார்.

கப்பலில் அந்திப் பொழுது

மாலை ஐந்து மணிக்குக் கப்பல் புறப்பட்டது. மேற்றட்டில் வாத்தியம் முழங்க, பிரயாணிகள் கையசைத்தனர். விரிகுடாவைக் கடந்து தெற்கே திரும்பியதும், கடலிலிருந்து செங்குத்தாக எழும் வைரப் பாறை தென்பட்டது. 1804ஆம் ஆண்டு ஆங்கிலக் கடற்படையினர் அதன்மீது பீரங்கிகளை ஏற்றி, அதனைப் போர்க்கப்பலென்றே பதிவு செய்து காவல் புரிந்தனர். 1805இற் பிரெஞ்சுக்காரர் அதனை மீட்டனர். அந்தப் பாறைக்குப் பின்னே சூரியன் இறங்கினான்.

அன்றிரவு முழு ஆடம்பர உடையில் விருந்து. மேசைகளில் மெழுகுதிரிகள், ஐந்து வகைப் பதார்த்தங்கள். எங்களுக்குப் பரிமாறியவர் பிலிப்பீன் நாட்டு இளைஞர். ஒன்பது மாத ஒப்பந்தம். அதுவரை விடுமுறை நாளென்று ஒன்று இல்லை. வீட்டை விட்டு வந்து ஆறு மாதமாயிற்று என்றார். மகளுக்கு நான்கு வயது. வேலை முடிந்து நள்ளிரவு கழிந்தபின், கைத்தொலைபேசியில் அவளோடு பேசுவாராம். அங்கே அது பகற்பொழுது. "ஆங்கிலத்திலா?" என்று கேட்டேன். அவர் வியப்போடு என்னைப் பார்த்து, "இல்லை ஐயா, எங்கள் பாஷையில்தான். அவள் என் மகள் அல்லவா?" என்றார்.

விருந்து முடிந்து மேற்றட்டிலே இருந்தோம். இருளில் அலையோசை மட்டும் கேட்டது. வீட்டிலே தீராதிருந்த ஒரு காரியத்தை அப்போதுதான் மீண்டும் எடுத்தோம். எங்கள் பேத்திக்கு ஒன்பது வயது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை விட்டுவிட வேண்டுமென்று ஒரு மாதமாக அழுகிறாள். பெற்றோர் இசைந்துவிட்டனர். எங்கள் சொல்லுக்காகவே காத்திருந்தனர்.

"பார்த்தீரா? நூற்றெழுபது வருஷத்துக்குப் பிறகும் மதுரைவீரனும் நிற்கிறார், குழம்பும் நிற்கிறது. பள்ளிக்கூடமோ புத்தகமோ இல்லாமல் இவ்வளவும் நின்றிருக்கிறதே. பிள்ளையை ஏன் வருத்துவான்?" என்றேன்.

என் துணைவியார் உடனே விடை சொல்லவில்லை. பிறகு, "நிக்குது, உண்மைதான். ஆனா அந்த மனுசி எழுபத்தைஞ்சு வருஷமாத் தாயே எண்டு கும்பிடுறா. என்ன சொல்லிக் கூப்பிடுறன் எண்டு இண்டைக்குத்தான் தெரிஞ்சுது. அவையளைக் குறை சொல்லேலாது. அவையளுக்குச் சொல்லிக் குடுக்க ஆளில்லை. எங்கடை பிள்ளைக்கு நாங்கள் இருக்கிறம்" என்றார்.

இதற்கு மறுமொழி என்னிடம் இருக்கவில்லை. மன்னாரைக் கடந்தவர்கள் தமிழைக் காத்தார்கள். தாயகம் கிட்ட இருந்தது, ஆளும் புத்தகமும் வந்துகொண்டிருந்தன. ஒரேலியில் வந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. மூன்று மாதக் கடலுக்கு அப்பால் கடிதமும் செல்லவில்லை. நமக்கோ, நடுக்கடலிலிருந்தும் பேசலாம்.

அன்றிரவே என் துணைவியார் ரொறன்ரோவுக்குத் தொலைபேசியில் பேசினார். எரிமலையையும், சிறைக் கைதியையும், குதிரை வீரனையும், கொழும்பென்ற கறியையும் பேத்திக்குத் தமிழிலே கதையாகச் சொன்னார். அவள் ஆங்கிலத்திலே கேள்வி கேட்டாள். இவர் தமிழிலே விடை சொன்னார். வகுப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஈற்றில், தூள் வாங்கி வருவதாகவும், சனிக்கிழமை வகுப்பு முடிந்து வந்தால் அந்தக் கறி சமைத்துத் தருவதாகவும், பொதியின் மேலே பெயரை அவளே தமிழில் எழுதவேண்டுமென்றும் கூறினார். மறுபுறம் சிறிது மௌனம். பின்பு ஒரு கேள்வி வந்தது: அது ‘கொழும்பு’வா, ‘குழம்பு’வா, எந்த எழுத்து?

அவள் வகுப்பிற் தொடர்வாளோ மாட்டாளோ, நான் அறியேன். அக்கேள்வியை மட்டும் தமிழிலேயே கேட்டாள்.

கப்பல் விடியும்வரை கிழக்கு நோக்கி ஓடிற்று. காலையிலே பார்படோஸ் தீவின் தாழ்ந்த கரை தெரிந்தது. இத்தகைய பயணத்தை மேற்கொள்ளும் நம்மவர்க்கு ஒன்று கூறுவேன். மார்த்தினிக்கில் இறங்கினால் கடற்கரையோடு நின்றுவிடாதீர்கள். வடக்கே செல்லுங்கள், அந்தச் சிறு கோயில்களின் வாயிலில் ஒரு நாழிகை நில்லுங்கள், பொருள் கேட்பவர் எவரேனும் இருந்தால், உங்களுக்குத் தெரிந்த ஒரு சொல்லையேனும் சொல்லிவிட்டு வாருங்கள்.